பீச்சாங்கை கிடார்

தேரடித் தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த சக்கரவர்த்திக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் பேச்சைக் கேட்டு யாரும் இதைக் கண்டுபிடித்ததில்லை. அறுபதுகளில் ஜப்பான்காரன் செய்த எலக்ட்ரிக் கிடார் எது, இத்தாலியில் அக்கார்டியன் செய்கிறவன் மிஞ்சிய மினுமினுப்புத் தகட்டை ஒட்டிச் செய்தது எது என்று தந்தி முறுக்கும் திருகைப் பார்த்தே சொல்வார். அந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அவருடைய வேட்டைக்காடு செங்கம் ரோடு. ‘நான் யார்’ என்று தேடி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அங்கிருந்த ஆசிரமத்தைச் சுற்றி வாடகைக்கு அறை பிடித்துத் தங்கினார்கள். தேடுகிற வேகத்தில் கையிலிருந்ததை எல்லாம் துறந்தார்கள். அவர்கள் துறந்ததை எல்லாம் சக்கரவர்த்தி பக்தியோடு வாங்கிக்கொண்டார். வீட்டு மாடியில் கண்ணாடி பீரோ செய்து கிடார்களை வரிசையாக மாட்டி, தினமும் துடைத்தார். ஒரே ஒரு முறை வாசித்துப் பார்க்கும் ஆசை வந்து, அமெரிக்கன் ஒருவன் விட்டுப்போன ஆம்ப்ளிஃபயரை நேராகப் பிளக்கில் சொருகினார். அது நூற்றுப்பத்து வோல்ட் சாமான், நம் ஊர்க் கரண்டில் பாதிதான் தாங்கும். ஊருக்கே ஸ்டெபிலைசர் விற்கிற மனுஷன் வீட்டில் குபுகுபுவென்று புகை வந்தது. அந்த ஆசையும் அன்றோடு தீய்ந்துபோனது.

“ஏங்க, ஒண்ணையாவது அடிச்சுக் காட்டுங்களேன்” என்று மனைவி அன்புச்செல்வி கேட்காத நாளில்லை.

“ஒனக்கு இன்னா தெரியும்? இது கலெக்‌ஷன். வாசிச்சா தேஞ்சிடும்.”

“அப்ப பாட்டுக் கேக்கணும்னா?”

“ரேடியோ போடு.”

தொண்ணூற்றெட்டாம் வருஷம் புரட்டாசியில்தான் மார்த்தாம்மா வீட்டுக் கிடாரைப் பற்றித் துப்பு கிடைத்தது. மார்த்தாம்மா ஹாலந்துக்காரி. கணவர் இங்கேயே காலமாகிப் பல வருஷம். அந்த அம்மாள் ஊரோடு ஊராகிவிட்டாள். நவராத்திரிக்குக் கொலு வைக்கிற அளவுக்கு ஊர்ப்பழக்கம் முற்றியிருந்தது. செத்துப்போன கணவர் வாசித்த கிடார் அவள் கட்டிலுக்கடியில் இருந்தது. வெளிர்பச்சை நிறம், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இடதுகைக்காரர்களுக்கென்று விரல்விட்டு எண்ணும்படி செய்ததில் ஒன்று. ‘லெஃப்ட் ஹேண்ட் மாடல்’ என்று சொல்லும்போது சக்கரவர்த்திக்குக் குரல் தழுதழுத்தது. பெற்ற பிள்ளை பிறந்தபோதுகூட அப்படித் தழுதழுத்ததில்லை.

“நான் பொண்ணுகிட்டயே திரும்பிப் போறேன்” என்றாள் மார்த்தாம்மா. “இதை விக்க மாட்டேன். வாசிக்கிறவங்களுக்குச் சும்மா குடுப்பேன். நீங்க வாசிப்பீங்களா?”

“இன்னாம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அதானே என் உசுரு!” பொய் வாயிலிருந்து வெண்ணெயாக வழுக்கி வந்தது.

“அப்ப சரி. சரஸ்வதி பூஜைக்கு இதை வைக்கிறேன். விஜயதசமி காலையில வந்து எடுத்து ஒரு பாட்டு வாசிங்க. அப்படியே கொண்டு போங்க.”

பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து ஒரு வரியாவது படிக்க வேண்டும், வாசிக்க வேண்டும் என்பது நம் வழக்கம்தான். அதை ஒரு ஹாலந்துக்காரி எடுத்து நம் மூஞ்சிக்கு நேராகவே நீட்டுவாள் என்று யார் கண்டது? சக்கரவர்த்திக்கு வேர்த்துவிட்டது. அந்தக் கிடார் கைவிட்டுப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. கொலு முடிவதற்குள் ஒரு பாட்டு கற்றாக வேண்டும்.

ஊரில் கிடார் வாசிக்கிறவன் என்று இருந்தவன் இளவரசன் ஒருவன்தான். அருணோதயா இன்னிசைக் குழுவில் கல்யாணத்துக்கும் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் வாசிப்பான். இடதுகைப் பழக்கம். சாதாரணக் கிடாரில் தந்திகளைக் கழற்றி மாற்றிக் கட்டி, திருப்பிப் பிடித்து வாசிப்பான். “பீச்சாங்கையால சரஸ்வதியத் தொடுறான் பாரு” என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவனைக் கிண்டலடித்தே பொழுது போக்கியவர் சக்கரவர்த்தி. இப்போது அவனையே வீட்டுக்கு அழைத்துக் காப்பி கொடுத்தார். எதற்காகக் கற்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவனும் போட்டிக்கு வந்துவிடுவானே!

இளவரசன் பீரோவைப் பார்த்து வாயைப் பிளந்தான். “எதுல கத்துக்கப் போறீங்கண்ணா? அந்தச் செவப்ப எடுங்க.”

“தொடாத! தேஞ்சிடும்.”

கடையிலிருந்து ஒரு பிளைவுட் துண்டு வந்தது. அதில் ஸ்கேல் வைத்துத் தந்திகளும் கட்டங்களும் வரைந்தார் சக்கரவர்த்தி. இளவரசன் எதிரே உட்கார்ந்து தன் கிடாரில் வாசித்துக் காட்ட, இவர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துப் பலகையில் விரல் வைத்தார். இடது கை கட்டத்தில் நகர்ந்தது, வலது கை மரத்தைத் தடவியது. பலகையில் சத்தம் வராது. சத்தம் வராததால் தப்பும் வரவில்லை. நவராத்திரி முடிவதற்குள் தாம் தேறிவிட்டதாக அவரே முடிவு செய்துகொண்டார்.

விஜயதசமி காலையில், அருணோதயா குழுவின் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்பதற்காக இளவரசனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். கொலுப் படிக்குப் பக்கத்தில் கிடார் சந்தனப் பொட்டோடு சாய்ந்திருந்தது. பெயின்ட்மேல் சந்தனமா என்று அவருக்கு வயிறு எரிந்தது. இளவரசன் ஒயரைச் சொருகினான். சக்கரவர்த்தி கண்ணை மூடிக் கும்பிட்டு, கிடாரைப் பலகை மாதிரியே மடியில் வைத்து, கற்ற இடத்தில் விரலை வைத்து, வலது கையால் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார்.

தெருவில் நாய் குரைத்தது.

“திருப்பிப் பிடிங்க” என்றாள் மார்த்தாம்மா மெதுவாக. “அது இடதுகை கிடார்.”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கிடாரின் பெருமையே அதுதான். அதைச் சொல்லிச் சொல்லிக் குரல் தழுதழுத்தவர் அவர்தான். அதற்கு இடது கையால் வாசிக்க வேண்டும் என்று ஒரு பொருள் இருப்பது மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை. ஆனாலும் அவர் அசரவில்லை.

“அது வந்தும்மா... விஜயதசமி அன்னிக்குப் பீச்சாங்கையால எதையும் தொடங்கக் கூடாது. எங்க பக்கம் அப்படி ஒரு ஐதீகம்.”

நம் ஊர் வழக்கம் என்று எதைச் சொன்னாலும் நம்புகிறவள் மார்த்தாம்மா. பயபக்தியோடு தலையாட்டினாள். பிறகு இளவரசன் பக்கம் திரும்பினாள். “உங்க பக்கமும் அப்படித்தானா?”

“எனக்கு வாசிக்கிற கையே அதுதாங்க” என்றான் அவன்.

கிடாரை வாங்கி, தந்திகளைச் சுருதி சேர்த்து, திருப்பிக் கட்டாமல் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கிடாரை அப்படியே அணைத்துப் பிடித்து வாசித்தான். மார்த்தாம்மா அழுதுவிட்டாள். அழுது முடித்ததும் கிடாரோடு அதன் பெட்டியையும் அவனிடமே கொடுத்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சக்கரவர்த்தி கெஞ்சினார். “அத எனக்குக் குடுத்துடு இளவரசு. என்கிட்ட இருக்கிறதுல நீ கேக்கறத எடுத்துக்க.”

“அதெல்லாம் சோத்தாங்கை கிடாருண்ணா.”

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பௌர்ணமியன்று சாயங்காலம் அடி அண்ணாமலையில் அருணோதயா கச்சேரி என்று கேள்விப்பட்டு, கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கிடார்தான். லாரிக்குப் பெயின்ட் அடிக்கிற ஷெட்டில் கொடுத்து, வெளிர்பச்சையைச் சுரண்டி எடுத்து, ரத்தச் சிவப்பு அடித்திருந்தார்கள். மேலே மஞ்சளில் ‘அருணோதயா’, இரண்டு பக்கமும் தாமரைப் பூ. தன் சொத்தை யாரோ தீ வைத்துக் கொளுத்துகிற மாதிரி இருந்தது அவருக்கு. சுற்றிலும் ஜனம் விசிலடித்தது. நடந்து களைத்த பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து தலையாட்டினார்கள். ஒரு கிழவர் துண்டைச் சுழற்றி ஆடினார். சக்கரவர்த்தி அந்தச் சிவப்பையே பார்த்தபடி நின்றார்.

இடைவேளையில் இளவரசன் வேர்வையோடு இறங்கி ஓடி வந்தான்.

“ண்ணா, வந்துட்டீங்களா! நீங்கதான் வெவரம் தெரிஞ்சவரு. சவுண்டு எப்படிண்ணா இருந்துது?”

சக்கரவர்த்தி பதில் சொல்ல வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். அத்தனை பாட்டில் ஒன்றைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை.