மண் இறுகினால் மந்திரி வருவார்

தலைக்கு மேலே பத்து லொறி ஒன்றாய்ப் போகிற மாதிரி ஓர் இரைச்சல். வரம்பு வெட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நாகேஸ்வரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு நெற்பயிருக்குள்ளேயே குந்திவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது, வெள்ளை நிறச் சின்ன விமானம் ஒன்று பாலைமரங்களின் உச்சியை உரசாத குறையாய்த் தாண்டி வந்து, அவள் வயலுக்குப் பக்கத்தில் கிடந்த புதிய ஓடுபாதையில் இறங்கியது. இறங்கி, துள்ளி, ஓடி, பாதி வழியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றுவிட்டது.

"புதைஞ்சு போச்சு," என்றாள் நாகேஸ்வரி. அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அவளும் புருஷன் அப்புத்துரையும் வட்டுக்கோட்டையை விட்டு இந்தப் பாலையடிக்குளக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷம். ஒட்டுசுட்டானிலிருந்து ஆறு மைற்கட்டை தூரம். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, யானைக்கு விழித்திருந்து உண்டாக்கிய மூன்று ஏக்கர் வயல். போன வருஷம் கொழும்பிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிக்க அரசாங்கம் விமானம் அனுப்பப்போகிறதாம், அது இறங்க நிலம் வேண்டுமாம். கமக்காரர் எல்லாரும் கைதட்டினார்கள். அறக்கொட்டியான் பூச்சி இரண்டு போகத்தை அரித்துத் தின்ற கோபம் அவர்களுக்கு.

கைதட்டி முடிவதற்குள் புல்டோசர் வந்தது. நாலாம் வாய்க்காலை மூடி, அதன்மேல் கிரவல் கொட்டி, உருட்டி, ஓடுபாதை என்றார்கள். வாய்க்காலை இருபது யார் தூரம் தள்ளி வெட்டினார்கள். ஆனால் தண்ணீருக்கு யாரும் அறிவித்தல் அனுப்பவில்லை. பாதித் தண்ணீர் இன்னமும் பழைய வழியாலேதான், கிரவலுக்குக் கீழே, கசிந்து போய்க்கொண்டிருந்தது.

விமானத்திலிருந்து முதலில் இறங்கியவர் மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். இறங்கிய காலே கணுக்கால் வரை போயிற்று. விமானி உள்ளேயே இருந்து வியர்வை துடைத்தான்.

அடுத்த வயல் யோகலிங்கம் தன் எருமைச் சோடியை ஓட்டிக்கொண்டு வந்தான். "இதுக்கும் நுகம் பூட்டவேணுமோ, இல்லாட்டில் கயிறு போதுமோ?"

"கயிறு போதும், தம்பி. மெல்லமாய்," என்றார் வந்தவர். "நான் சிவில் விமானப் பகுதி இன்ஸ்பெக்டர், மயில்வாகனம்."

"மருந்து அடிக்கிற பிளேன் இதோ?" என்று கேட்டான் யோகலிங்கம்.

"இல்லை. இது சோதினைக்கு வந்தது. அடுத்த மாசம் மந்திரி இதைத் திறக்க வாறார். இறங்கத் தகுந்த நிலமோ எண்டு நான் பாத்து எழுதவேணும்."

"நீங்கள் ஏன் எழுதவேணும்? புதைஞ்ச சில்லு எழுதிவிட்டுதே," என்றாள் நாகேஸ்வரி.

மயில்வாகனம் சிரித்தார். எருமைகள் இழுத்தன. விமானம் சேற்றிலிருந்து உறிஞ்சும் சத்தத்தோடு வெளியே வந்தது. அவர் ஒரு குச்சியை ஊன்றி ஊன்றிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"அக்கா, மேலை காஞ்சு கிடக்கு. கீழை ஏன் இப்பிடி?"

அவள் சொன்னாள். வாய்க்காலின் பழைய வழியைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். "தண்ணி ஓடுமட்டும் உது களிதான். குளத்து மதகுத் துருசைப் பூட்டி ஒரு கிழமை வாய்க்கால் காஞ்சுதெண்டால் கல்லாய் இறுகிடும்."

"அப்ப எங்கை போட்டிருக்கவேணும்?"

"உந்தா, கிழக்காலை கிரவல் மேடு. புல்லும் முளைக்காது. எந்த மழைக்கும் ஈரம் நிக்காது."

"பேந்து ஏன் அங்கை போடேல்லை?"

"அது றோட்டிலையிருந்து ஒரு கட்டை உள்ளுக்கை. காரிலை வாற பெரிய ஆக்கள் நடக்கவேணுமே."

மயில்வாகனம் அவ்வளவையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேட்டுக்கு மாற்றவேண்டும் என்றே எழுதுவதாய்ச் சொன்னார். சேறு இல்லாத ஓரமாய் விமானத்தைத் திருப்பி எழுப்பிக்கொண்டு போனார்கள். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தான் சொன்னதை எழுதிக்கொண்டது நாகேஸ்வரிக்கு அதுதான் முதல்தரம். அன்று பின்னேரம் அதை அப்புத்துரைக்கு இரண்டு முறை சொன்னாள்.

தை பிறந்து பத்து நாள். மழை ஓய்ந்துவிட்டது. பயிர் கதிர் தள்ளத் தொடங்கியிருந்தது. இனி அறுவடை வரைக்கும் குளத்துத் தண்ணீர்தான் உயிர்.

ஒரு காலை வயலுக்குப் போனவள் வாய்க்காலின் அடியைப் பார்த்தாள். மீன்குஞ்சுகள் துடித்துக்கொண்டு கிடந்தன. வீட்டுக்குத் திரும்பாமல் நேரே குளக்கட்டுக்கு நடந்தாள்.

துருசடியில் நீர்ப்பாசன ஓவசியர் பஸ்தியாம்பிள்ளை சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர். துருசுப் பூட்டின் திறப்பு எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"அண்ணை, ஏன் பூட்டினீங்கள்?"

"என்னோடை கோவிக்காதையுங்கோ, பிள்ளை. மேலிடத்துக் கட்டளை." சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். இங்கிலீசில் இருந்ததை விரல் வைத்துத் தமிழாக்கினார். "வாய்க்காலில் நீர் ஓடுங்காலத்தில் இவ்வோடுபாதை ஆபத்தானது. நீரை நிறுத்தினால் ஒரு வாரத்தில் நிலம் இறுகும். இன்ஸ்பெக்டரின்ரை றிப்போட்."

அது அவளுடைய வார்த்தை. அவள் வாயால் சொன்னது கொழும்புக்குப் போய், தட்டெழுத்தில் ஏறி, முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்து அவளுடைய தண்ணீரையே பூட்டியிருந்தது.

"மேட்டுக்கு மாத்தச் சொல்லியும் எழுதினவரே?"

"இதிலை இல்லை. ஒரு தாள்தான் வந்தது."

"எப்ப திறப்பியள்?"

"மந்திரி வந்து போனாப்போலை. இன்னும் பன்ரண்டு நாள்."

"பன்ரண்டு நாளோ? கதிர் தள்ளிற பயிர், அண்ணை. ஆறாம் நாளே நிலம் வெடிச்சுப் போடும். பேந்து எல்லாம் மணியில்லாத சப்பிதான். நீங்கள் கடலிலை பாடுபடுகிற ஆக்களிலை வந்தனீங்கள். பாடு பட்டு மீன் வலையிலை கிடக்கேக்கை ஒருத்தன் வந்து கயிறை அறுத்தால் எப்பிடி இருக்கும்?"

பஸ்தியாம்பிள்ளை குளத்தைப் பார்த்தார். குளம் நிறையத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு நாலு பெட்டைப் பிள்ளையள். எழுத்திலை கொண்டு வாங்கோ. வந்த நிமிஷம் திறக்கிறன்."

எழுத்துக் கொடுக்கக்கூடியவர் குடியேற்ற அதிகாரி தில்லைநாதன். அவருடைய கந்தோரில் மந்திரிக்கான பந்தலின் படம் மேசையில் விரித்திருந்தது.

"தனியச் சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை," என்றார் அவர். "கமக்காரர் எல்லாரும் சம்மதம். உங்கடை வட்டவிதானை கையெழுத்து வைச்சிருக்கிறார்."

வட்டவிதானை என்றால் கமக்காரர் கைதூக்கித் தெரிந்தெடுத்த ஆள். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பங்கிடுவது அவர் வேலை. பாலையடிக்குளத்து வட்டவிதானை அப்புத்துரை.

வீட்டுக்கு வந்தவள் குசினி வாசலில் நின்றபடியே கேட்டாள். "இஞ்சாருங்கோ, எதிலை கையெழுத்து வைச்சனீங்கள்?"

அப்புத்துரை சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "மந்திரியை வரவேற்கக் கமக்காரர் ஒத்துழைப்பம் எண்டு எழுதியிருக்கெண்டு தில்லைநாதன் சொன்னவர்."

"வாசிச்சனீங்களோ?"

"அது இங்கிலீசு."

"தமிழிலை கேக்கத் தெரியாதோ? முறை மாறி ஒருத்தன் அரை மணித்தியாலம் கூடத் தண்ணி விட்டால் வெட்டுக்குப் போறனீங்கள். எழுபது வீட்டுத் தண்ணியையும் ஒரு தாளிலை குடுத்துப்போட்டு வந்து சோறு தின்னுறீங்கள்."

"கதிரை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னவர், நாகேஸ். ஒன்பது வருஷத்திலை அந்தக் கந்தோரிலை என்னை ஆரும் இருக்கச் சொல்லேல்லை."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இன்னும் பேசியிருந்தால் அழுதிருப்பாள். அழ அவளுக்கு அப்போது மனமில்லை, அவ்வளவு ஆத்திரம். மறுநாள் முதல் பஸ்ஸில் ஒட்டுசுட்டானுக்குப் போய், தபால் கந்தோரில் மயில்வாகனத்துக்குத் தந்தி அடித்தாள். 'உங்கள் எழுத்தால் எங்கள் தண்ணீர் பூட்டப்பட்டது. பயிர் சாகிறது. வரவும்.'

மூன்று நாள் போயிற்று. நிலம் தலைமுடி அகலத்துக்கு வெடித்தது. ஐந்தாம் நாள் வெடிப்புக்குள் விரல் போயிற்று. பெண்கள் குடத்தில் குளத்துத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். ஒரு குடம் ஊற்றினால் ஒரு பாய் அகலம் நனையும், அடுத்த குடத்தோடு வருவதற்குள் அதுவும் காய்ந்துவிடும். எட்டாம் நாள் குடம் தூக்குவதையும் விட்டார்கள். நுனி வெளுத்தது, பிறகு தண்டும் மஞ்சளாய்க் காய்ந்தது. கதிரைத் தடவிப் பார்த்தால் கையில் பாரமே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மயில்வாகனம் ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். வயலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, நான் ரெண்டு தாள் எழுதினனான். முதலாவதிலை ஆபத்து எண்டும், ரெண்டாவதிலை மேட்டுக்கு மாத்துங்கோ எண்டும். மந்திரியின்ரை காரியதரிசி ரெண்டாவதைக் கழட்டி வைச்சிட்டார். திகதியை மாத்தேலாதாம், பேப்பருக்குச் சொல்லியாச்சாம்."

"இப்பவும் நீங்கள் ஏலாது எண்டு எழுதலாம்தானே? உங்கடை கையெழுத்து இல்லாமல் மந்திரி இறங்கேலாதெண்டால், ஏலாது எண்டு எழுதுங்கோ. உடனை மேட்டுக்கு மாத்தட்டும், எங்கடை துருசைத் திறக்கட்டும். கடைசி வயல் வரவையள் ரெண்டு மூண்டு எண்டாலும் தப்பும்."

அவர் ஓடுபாதைக்கு நடந்தார். குச்சியை ஊன்றினார். குச்சி முறிந்தது. காரை அதன்மேல் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். தடங்கூட விழவில்லை.

"சட்டப்படி நான் பாக்கிறது நிலம் இறுக்கமோ இல்லையோ எண்டு மட்டும்தான்," என்றார் திரும்பி வந்து. "எப்பிடி இறுகினது எண்டு எழுத அந்தத் தாளிலை இடம் இல்லை, அக்கா."

"இடம் இல்லாட்டில் ஓரத்திலை எழுதுங்கோ."

"எழுதுறன். கிழிச்சுப்போடுவினம்."

"மருந்து பிளேன் எண்டாலும் வருமோ?"

அவர் முறிந்த குச்சியைக் கீழே போட்டார். "மந்திரி வாறது பறக்கிற கழகத்திலை இரவல் வாங்கின பிளேனிலை. மருந்து அடிக்கிற பிளேன் எண்டு லைசென்சு கேட்டு ஒரு கடிதமும் நான் இன்னும் காணேல்லை."

நாகேஸ்வரி தன் வயலையும் ஓடுபாதையையும் மாறி மாறிப் பார்த்தாள். வராத விமானத்துக்கு வரவேற்பு. அந்த வரவேற்புக்கு எழுபது வீட்டுச் சோறு.

திறப்புவிழா அன்று புளியங்குளத்திலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். வாழை கட்டினார்கள், மேளம் அடித்தார்கள். மந்திரியின் விமானம் வயல்களின் மேலே தாழப் பறந்து இரண்டு வட்டம் போட்டது. பிறகு இறங்கியது, பளிங்குத் தரையில் இறங்குகிற மாதிரி. கைதட்டல் எழுந்தது. தில்லைநாதன் மயில்வாகனத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயில்வாகனம் கையைக் கொடுத்துவிட்டு வேட்டைக்காரனிடம் அகப்பட்ட மான்போல நின்றார்.

மந்திரிக்கு மாலை போட வட்டவிதானையின் மனைவியைத்தான் நிரலில் எழுதியிருந்தார்கள். பெயர் கூப்பிட்டார்கள். நாகேஸ்வரி எழுந்து நடந்தாள். மாலைத் தட்டம் நீட்டிய பெண்ணைத் தாண்டி நடந்தாள். அப்புத்துரை முதல் வரிசையில், கதிரையில், தலையைக் குனிந்துகொண்டார்.

மந்திரிக்கு முன்னால் நின்று அவள் சேலைத் தலைப்பை விரித்தாள். உள்ளே அவள் வயலில் பிடுங்கிய ஒரு பிடி நெற்கதிர்.

"ஐயா, நான் ஒண்டும் கேக்க வரேல்லை. காட்ட வந்தனான்," என்றாள். "நீங்கள் இறங்கிற நிலம் இறுகவேணும் எண்டு எங்கடை தண்ணியைப் பூட்டினவை. பன்ரண்டு நாள். குளம் நிறையத் தண்ணி கிடக்கு. இது எல்லாம் சப்பி. ஒரு மணி இல்லை. எழுபது வீட்டுக்காரர் இந்த வருஷம் என்னத்தைத் தின்னுறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

மேளக்காரன் குச்சியைக் கீழே வைத்தான். மந்திரிக்குத் தமிழ் தெரியாது. தில்லைநாதனைத் திரும்பிப் பார்த்தார். தில்லைநாதன் குனிந்து அவர் காதில் இங்கிலீசில் ஏதோ சொன்னார். அவள் சொன்னது நீளம், அவர் மொழிபெயர்த்தது இரண்டே சொல்.

மந்திரியின் முகம் மலர்ந்தது. கதிர்களை இரண்டு கையாலும் வாங்கினார். படம் பிடிப்பவனுக்காகச் சற்று உயர்த்திப் பிடித்தார். பிறகு வயல் பக்கம் கையை நீட்டி, அன்போடு நீளமாய் ஏதோ சொன்னார்.

தில்லைநாதன் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். நாகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல், ஒலிபெருக்கிக்குள் தமிழில் சொன்னார்:

"மந்திரி ஐயா மேலையிருந்து ரெண்டு தரம் சுத்திப் பாத்தவராம். வயல் முழுக்கப் பொன்னாய் விளைஞ்சு கிடக்காம். இன்னும் ஏன் அறுவடைக்கு இறங்கேல்லை எண்டு கேக்கிறார்."