இடது பக்கத்துக் கார்கள்

வெள்ளிமலையில் இருக்கும் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கரீம், வெள்ளிக்கிழமை மட்டும் வேனை எடுக்கமாட்டான். கள்ளக்குறிச்சியில் ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்கிவிடுவான். அன்றைக்குத் தூங்கவில்லை. சின்ன வயதில் ஆசை தீர ஆட முடியாமல் போன கார் ரேஸ் வீடியோ கேமை, மஞ்சள் கேசட்டோடு ஆன்லைனில் வாங்கியிருந்தான். டிவியில் ஒயரைச் செருகிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மனைவி ரஜியா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் சாம்பல் நிற ரோடு. கரீமுடைய சிவப்புக் கார் மற்ற கார்களை இடிக்காமல் முந்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எடுத்த எடுப்பிலேயே இடித்தான்.

"இது எங்கேந்து வந்துச்சி?"

அடுத்த ஆட்டத்திலும் இடித்தான். ரஜியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தெனம் மலையேறுறவரு. பொம்ம காரு ஓட்டத் தெரியலயா?"

"கேசட்டு சரியில்ல. காரு திடீர்னு மொளைக்குது."

ரஜியா திரையைப் பார்த்தாள். எந்தக் காரும் முளைக்கவில்லை. தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்படிதான் வந்தன. வலது பக்கம் வந்தவற்றை அவன் லாவகமாக முந்தினான். இடித்ததெல்லாம் இடது பக்கத்துக் கார்கள்.

"இடது பக்கம் வருதே, தெரியலயாங்க?"

"அங்க ஒண்ணும் இல்லியே."

ரஜியா எழுந்து போய் டிவிக்கு இடப்பக்கம் மூன்று விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"டிவியப் பாத்துக்கினே சொல்லுங்க. எத்தினி விரலு?"

"எந்த விரலு?"

கையை மெல்ல நகர்த்தினாள். திரையின் நடுவைத் தாண்டிய பிறகுதான் "மூணு" என்றான்.

ரஜியாவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வேனின் இடது கண்ணாடி அடுத்தடுத்து உடைந்ததற்கு லாரிக்காரர்களைத் திட்டியிருந்தார்கள். தட்டின் ஒரு பக்கம் சோறு அப்படியே இருக்க, "இன்னா, சோறு கம்மியா வெச்சிட்ட?" என்று அவன் கேட்டபோது அவள் கோபித்துக்கொண்டிருந்தாள்.

கரீமின் கையிலிருந்த கேம் ரிமோட் கீழே விழுந்தது.

"ரஜியா, நேத்து வெள்ளிமலை மளிகைக்கட செவ்வந்திய வண்டில ஏத்திக்கினு போனேன். கைப்புள்ளயோட. எனக்கு இடது பக்கம்தான் உக்காந்திருந்துச்சி."

ரஜியா துணியை அப்படியே போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள்.

சாயங்காலமே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் குழாய் அடைத்து, இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை போயிருப்பதாக டாக்டர் சொன்னார்.

"எனக்கு வலிக்கவே இல்லீங்களே டாக்டர்."

"வலிக்கணும்னு இல்ல. தெரியாமலே போயிடும். இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

மாத்திரையோடு வீடு திரும்பியவன், செவ்வந்தியைப் பார்த்தே ஆகவேண்டும் என்றான். அடுத்த வாரம் இருவரும் பஸ் ஏறினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் கடந்து பஸ் மலையேறியது. இடப்பக்க ஜன்னலோரம் ரஜியா. ஒரு திருப்பத்தில் தடுப்புச் சுவர் பெயர்ந்திருந்தது. உடைந்த கல்லில் நீளமாக நீலப் பெயின்ட். அவர்களுடைய வேனின் நீலம். அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைகள்தான் தெரிந்தன.

அவனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் கரீம் இப்போதெல்லாம் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்க்கப் பழகியிருந்தான். வெள்ளிமலை வரும்வரை ரஜியாவின் மணிக்கட்டை விடவில்லை.

செவ்வந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாண்ணே, பஸ்ல வந்திருக்கீங்க?"

குழந்தை அவனிடம் தாவியது. கரீம் அதை வாங்கிக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

செவ்வந்தியின் முகம் வெளுத்துப்போனது.

"அன்னிக்கு டம்முனு ஒரு சத்தம் கேட்டுச்சே. நான் கல்லு தட்டுச்சின்னு இல்ல நெனச்சேன்!"

"அதாம்மா. என்ன மன்னிச்சிடு."

அவள் அவன் கையிலிருந்த குழந்தையை வெடுக்கென்று வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதது.