நாலு மணிக்கே வந்தவர்

லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளி அரங்கத்தில் ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் மட்டும் வரிசை கட்டி நின்றன. விழா நாலு மணிக்கு என்று மனைவி சொல்லியிருந்தாள். இவரும் ஆயுசில் முதல்முறையாக, கைக் கிரீஸைக்கூடத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நாலு மணிக்கு வந்து நிற்கிறார். பள்ளியே தவறோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு வந்தார். பள்ளி சரிதான்.

"இதோ வந்துட்டேன்" என்று போனில் சொல்லும்போது மனுஷர் பொய் சொல்வதில்லை. நம்பித்தான் சொல்வார். பாழாய்ப்போன லிஃப்ட் ஏதாவது நடுவில் நின்றுவிடும். போன வருஷம் மகளின் நாடகத்தில் கடைசிக் கைதட்டல்தான் அவருக்குக் கிடைத்தது. இந்த வருஷம் அவள் தனியாகப் பாடுகிறாள். "வருவியாப்பா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்குச் சுருக்கென்றிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"அரங்கத்துல."

மனைவியின் குரல் பதறியது.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேன். இங்க ஒருத்தரையும் காணோம்."

"அஞ்சு மணிக்குத்தானே ஆரம்பம்" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நாலுன்னு சொன்னியே?"

"நாலுன்னு சொன்னாத்தான் நீங்க அஞ்சுக்கு வருவீங்க. எல்லாத்துக்கும் அப்படித்தாங்க சொல்றது."

"எப்ப இருந்து?"

"நம்ம கல்யாணத்துல இருந்து. எங்கண்ணன் ஆரம்பிச்சு வச்சது."

போனை வைத்துவிட்டுத் திருதிருவென விழித்தார். அப்படியென்றால், தாமதமாகிவிட்டதே என்று வெட்கப்பட்டு நுழைந்த நாட்களில் எத்தனை நாள் சரியான நேரத்துக்குப் போனார்? சரியாகப் போனேன் என்று மார்தட்டிய நாட்களில் வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களா? கூட்டிக் கழித்துப் பார்த்ததில் குழப்பம்தான் மிஞ்சியது.

அதற்குள் மேனேஜரின் அழைப்பு. "அண்ணே, பக்கத்துத் தெருவுல லிஃப்ட் கதவு மூட மாட்டேங்குது. ஆள் யாரும் மாட்டல. அரை மணி நேர வேலை."

கையில் முழுசாக ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது. போகலாம் என்று கால் துடித்தது. ஆனால் தன்னுடைய அரை மணி எவ்வளவு நீளம் என்று இப்போதுதானே தெரிந்தது. "வேற ஆளை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கம் நிறைந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவி, "இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றாள்.

மகள் மேடைக்கு வந்தாள். முதல் வரிசைப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. கண் நேராகப் பின்வாசலுக்குப் போனது. பாடத் தொடங்கி இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். ஓரத்திலிருந்து ஆசிரியை அடியெடுத்துக் கொடுத்தும் பயனில்லை. இவர் கையை ஆட்டினார். அவளோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்தால் அந்த வழியாகத்தான் வருவார், அதுவும் பாதியில்தான் வருவார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

சட்டென்று எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? போன் வந்துச்சா?"

"இல்ல, விடு."

குனிந்தபடி ஓரமாக ஓடி, பின்வாசலில் போய் நின்றார். மூச்சு வாங்கியது. மகள் பார்த்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரைக்கும் பாடி முடித்தாள்.

விழா முடிந்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பாதியிலயாவது வந்துட்டியேப்பா."

நாலு மணிக்கே வந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"ஆமாம்மா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார்.