மஞ்சள் ஆறு ஓடிய வளைவு

தான் எடுத்த படத்தை நாளிதழில் பார்த்த சந்தோஷம், பர்வினுக்கு அதன் கீழிருந்த வரியைப் படிக்கும் வரைதான் இருந்தது.

படம் என்னவோ பிரமாதமாகத்தான் அச்சாகியிருந்தது. முழங்கால் தாரை உரச, பைக்கைச் சாய்த்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான் கேஷவ். அவனுடைய ஹெல்மெட்டும் தோளும் மட்டும் துல்லியம். மற்றதெல்லாம் கோடு கோடாக இழுபட்டுக் கரைந்துபோயிருந்தது. சக்கரத்துக்கு அடியில் பொன்னை உருக்கி ஊற்றினதுபோல் மஞ்சளாக ஓர் ஆறு ஓடியது. கீழே, ‘சாலையில் கொட்டிய நெல்லால் விபத்து, பந்தய வீரர் படுகாயம், பெண் மீது போலீசில் புகார்’ என்று போட்டிருந்தது.

பர்வின் அந்த வரியை மறுபடி படித்தாள்.

தஞ்சாவூர் கீழவாசலில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ அவளுக்கு. பிழைப்பு கல்யாணப் படங்களில்தான். மனசு இருந்தது பைக் பந்தயத்தில். சென்னைக்குப் பக்கத்தில் பந்தயம் நடக்கிறபோதெல்லாம் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அங்கே எல்லாரும் ஒரே வேலிக்குப் பின்னால் நின்று ஒரே மாதிரி படம் எடுப்பார்கள். பறக்கிற வண்டி, ஸ்டாண்டு போட்டு நிறுத்தினதுபோல் உறைந்து நிற்கும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஓடுகிற வண்டி ஓடுகிறதாகத் தெரியவேண்டும் அவளுக்கு. ஷட்டரை மெதுவாக வைத்து, வண்டியோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே அமுக்கப் பழகினாள். நூறு எடுத்தால் தொண்ணூறு வீணாகும். பூதலூர் ரோட்டோரம் நின்று மினி பஸ்களைத் துரத்தித் துரத்தி எடுத்துக் கைபழகினாள். தரையில் படுத்துக்கொண்டு எடுத்தால் வேகம் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதையும் அவளாகவேதான் கண்டுபிடித்தாள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இன்னும் திறக்காத புறவழிச்சாலையில் ஹரிசங்கர் என்பவர் பந்தயம் நடத்த ஏற்பாடு செய்தபோது, படம் எடுக்க அவளைத்தான் கூப்பிட்டார். அந்தச் சுற்றுவட்டார நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் தாத்தாவுடையது. விற்றுவிட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. இப்போது சென்னையில் அவருக்குச் சொந்தமாகக் கம்பெனி, கூடவே ஒரு பைக் கிளப். ‘நம்ம மண்ணுக்கு ஏதாவது செய்யணும்’ என்று பேட்டி கொடுத்திருந்தார்.

சம்பா அறுப்பு முடிந்த சமயம் அது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல்லை, போக்குவரத்தில்லாத அந்தச் சாலையில்தான் ஊரே காயப்போட்டிருந்தது. பந்தயத்துக்கு முதல் நாளே எல்லாரும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வைரக்கண்ணு என்ற குத்தகைக்காரப் பெண்ணின் நெல் மட்டும் வாய்க்கால் வளைவில், தாருக்கு வெளியே மண் ஓரத்தில், அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. காலையில் அவள் டிராக்டரோடு வந்து நின்றாள். வளைவுக்கு வெளிப்பக்கம் தடுப்பாக அடுக்க வேண்டிய வைக்கோல் கட்டுகள் வந்துசேரவில்லை. ஹரிசங்கர் அம்பாரத்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார்.

“இருக்கட்டும்மா. எடுக்காதீங்க. யாராச்சும் தப்பி வந்தாலும் மெத்தை மாதிரி இருக்கும்” என்றார்.

“நெல்லுங்க அது” என்றாள் வைரக்கண்ணு.

“சாயங்காலம் ஆள் விட்டு நானே ஏத்தி அனுப்பறேன். போங்க.”

பர்வின் அப்போது எதிர்ப்பக்கம் உள்வளைவில் படுத்துக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. அம்பாரம் அங்கேயே இருப்பதில் அவளுக்கும் சந்தோஷம்தான். பின்னணியில் அப்படி ஒரு நிறம் வேறெங்கே கிடைக்கும்? கேஷவ் அந்த வளைவைக் கடந்த ஒவ்வொரு சுற்றிலும் எடுத்தாள். கடைசிச் சுற்றில் அவன் பிரேக்கைப் பிடிக்கத் தாமதித்தான். வண்டி வளையாமல் நேரே போய் அம்பாரத்துக்குள் பாய்ந்தது. பெட்ரோல் டேங்க் பிளந்தது. தொடை எலும்பு முறிந்து கிடந்தவனைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள்.

நாளிதழில் வந்தது விழுந்த சுற்றின் படம்கூட இல்லை. அதற்கு முந்தைய சுற்றில் எடுத்து, மற்ற படங்களோடு ஹரிசங்கருக்கு அவள் அனுப்பியிருந்தது.

பர்வின் ஹரிசங்கருக்குப் போன் போட்டாள்.

“சார், நெல்லு ரோட்டுல இல்ல. உங்களுக்கே தெரியும்.”

“படத்துல இருக்கே பர்வின். நீங்க எடுத்ததுதானே?”

“நான் தரையில படுத்து, பெரிய லென்ஸ்ல எடுத்தேன். எட்டத்துல இருக்கிறதெல்லாம் கிட்ட வந்து ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியும். கேமராவத் திருப்பிக்கிட்டே எடுத்ததால குவியல் கோடாயிடுச்சு. அது ரோட்டுல கெடந்த நெல்லு இல்ல சார்.”

“அதெல்லாம் யாருக்குப் புரியும்? தடுப்பு ஏன் வைக்கலைன்னு அதிகாரிங்க கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது? அந்தம்மாவ யாரும் தூக்குல போடப்போறதில்ல. கூப்பிட்டு எச்சரிச்சு அனுப்பிடுவாங்க. நீங்க இதுல தலையிடாம இருங்க. அடுத்த வருஷம் எல்லாப் பந்தயமும் உங்களுக்குத்தான்.”

“என் படத்த வெச்சா பொய் சொல்றீங்க?” என்று பர்வின் கத்தினதில், பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தே விட்டார். மறுமுனையில் போன் வைக்கப்பட்டிருந்தது.

கேமராப் பையை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினாள். நீடாமங்கலம் போய்ச் சேரும் வரை அந்த மஞ்சள் ஆறுதான் கண்ணில் ஓடியது. கணினியில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, நெல்லை நெல்லாகவே தெரியாமல் பண்ணிவிட்டோமே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் வைரக்கண்ணு பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். பர்வினையும் அவள் தோளில் தொங்கிய கேமராவையும் பார்த்தாள்.

“நீதான படுத்துக்கிட்டு எடுத்தவ? எதுக்கு வந்த? இன்னும் என்ன எடுக்கணும் ஒனக்கு?”

“அக்கா, நான் சொல்லத்தான் வந்தேன். உங்க மேல தப்பில்லைன்னு.”

“அது எனக்குத் தெரியாதா? ஏங்கிட்ட வந்து சொல்ற. உள்ள போய்ச் சொல்லு.”

இன்ஸ்பெக்டர் மாலதி மேஜை மேல் நாளிதழை விரித்து வைத்திருந்தார். பர்வின் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“சக்கரத்துக்குக் கீழ மஞ்சளா இருக்கு. கண்ணால பாக்கிறேன். நீங்க லென்ஸுன்னு சொல்றீங்க. இதை நான் எப்படி எழுதறது?”

“எழுத வேணாம் மேடம். வெளிய வாங்க, காட்டறேன்.”

ஸ்டேஷன் முற்றத்தின் கோடியில், மதில் சுவரை ஒட்டி மஞ்சள் தடுப்புப் பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதை அப்படியே விடச் சொன்னாள். ஒரு காவலரை அவருடைய பைக்கில், பலகைக்கு நன்றாக இந்தப்பக்கம் தள்ளி, முற்றத்தின் நடுவே ஓட்டச் சொன்னாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய லென்ஸோடு புழுதியில் குப்புறப் படுத்தாள். காவலர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். முதல் படம் குலுங்கிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. கோபத்தில் கை நிற்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, “இன்னொரு தடவை வாங்கண்ணே” என்றாள்.

இந்தமுறை படம் சரியாக விழுந்தது. எழுந்து கேமராவைத் திருப்பிக் காட்டினாள். காவலர் கூர்மையாகத் தெரிந்தார். அவருடைய சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் நீளமாக வழிந்து ஓடியது.

“ஏய், நான் அந்தப் பலகை பக்கமே போகலையே!” என்றார் காவலர்.

மாலதி கேமராத் திரையையும் மதில் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது வேகத்தக் காட்டறதுக்காக எடுக்கிற படம் மேடம். எது எங்க கெடந்துச்சுன்னு இதுல பாக்கவே முடியாது” என்றாள் பர்வின். “குவியல அங்கயே விடச் சொன்னது அவர்தான். நான் என் காதால கேட்டேன். வைக்கோல் கட்டு ஒண்ணுகூட வரல. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்.”

மாலதி கூப்பிட்டு அனுப்ப, பக்கத்து விடுதியில் தங்கியிருந்த ஹரிசங்கர் வந்தார். பர்வினைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

“மேடம், இவங்க நல்ல ஆர்ட்டிஸ்ட். கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க...”

“ஆமா சார், படறேன்!” பர்வினின் குரல் உடைந்து வெளியே வரை கேட்டது. “மினி பஸ்ஸப் பாத்துப் பாத்து, வெயில்ல காய்ஞ்சு கத்துக்கிட்டது சார் இது. அத எடுத்து இந்தம்மா மேல வீசறீங்க. நெல்ல மெத்தைன்னு சொன்னீங்களே, ஞாபகமிருக்கா? மெத்தைன்னா ஏன் புகார் குடுத்தீங்க?”

மாலதி கேட்டார், “மெத்தைன்னு சொன்னீங்களா சார்?”

“ஏதோ பேச்சுக்கு...”

“அப்போ குவியல் ரோட்டுல இல்ல, ஓரத்துலதான் இருந்துச்சு. அப்படித்தானே?”

அவர் வாட்சைப் பார்த்தார். பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தார். பத்திரிகைக்கு மறுப்பு அனுப்புவீர்களா என்று பர்வின் கேட்டதற்கு, வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வெளியே வந்த கையோடு பர்வின் தன் இணையப் பக்கத்தில் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போட்டாள். பந்தயப் படத்தையும் ஸ்டேஷன் முற்றத்துப் படத்தையும். எப்படி எடுத்தாள் என்பதை, ஒளிக்காமல், விலாவாரியாக எழுதினாள். பொழுது சாய்வதற்குள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள்.

ஹரிசங்கர் கிளம்பிய பிறகும் வைரக்கண்ணு ஸ்டேஷனை விட்டுப் போகவில்லை. மாலதியின் மேஜை முன் நின்றாள்.

“அவங்க குடுத்த புகாரத் திரும்ப வாங்கிட்டாங்க. நான் இன்னும் குடுக்கவே இல்லியே. என் நெல்லு பூரா பெட்ரோல் நாத்தம். அத எந்தக் கொள்முதல்ல வாங்குவான்? எழுதுங்கம்மா.”

மாலதி பேனாவைத் திறந்தார்.

எழுதி முடிந்து வெளியே வந்தபோது பர்வின் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வைரக்கண்ணு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வளைவில் அம்பாரம் சரிந்து கிடந்தது. கிட்டப் போகும்போதே பெட்ரோல் மூக்கைத் துளைத்தது. உடைந்த பைக் விளக்கின் கண்ணாடிச் சில்லுகள் நெல்லோடு நெல்லாக மினுங்கின. ஓர் ஓரம் மட்டும் நனையாமல் தப்பியிருந்தது போலிருந்தது. வைரக்கண்ணு மண்டியிட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். இன்னொரு பிடி, இன்னொரு பிடி. எதுவரை நல்லது என்று விரலால் மண்ணில் கோடு கிழித்தாள்.

பர்வின் கேமராவை எடுத்தாள்.

“அதக் கீழ வை மொதல்ல” என்றாள் வைரக்கண்ணு, நிமிராமலேயே. “கோடு வரைக்கும் நல்ல நெல்லு, கைவெச்சுத் தனியாத் தள்ளு. சில்லு இருக்கும், பாத்து.”

பர்வின் பையை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு வந்து எதிரே மண்டியிட்டாள்.