இடது கால் கட்டை

அண்ணன் வந்து கூட்டிப்போகிறார், இன்று சாயங்காலம் கப்பல் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவன் முக்காலியில் ஏறி மேல் தட்டிலிருந்து அவளுடைய கட்டைகளை எடுத்துவிட்டிருந்தான். அந்தக் காலணிக் கடையில் அது வழக்கம். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் காலையும் அளந்து, அதே வடிவில் மரத்தில் ஒரு ஜோடி செதுக்கி வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் தோலை இழுத்து ஆணியடித்துத்தான் காலணி உருவாகும். ஊரை விட்டுப் போகிறவர்களிடம் அவற்றைக் கொடுத்துவிடுவார்கள், போகிற இடத்துக் கடைக்காரனுக்கு உதவட்டும் என்று. அவன் செய்தது அவ்வளவுதான். ஆனால் கட்டைகளை மேசைமேல் வைத்தபோது அவள் முகத்தில் ஏதோ அணைந்ததைப் பார்த்தான். பார்த்தானா, அல்லது கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேகம்தான் நகர்ந்ததா?

"அதுக்குள்ள எடுத்துட்டீங்களே," என்றாள்.

"வழக்கங்க."

வேறென்ன சொல்வது? தெருமுனையில் சாக்கு விரித்துப் பிறர் செருப்பைத் தைத்து, வெறுங்காலோடு வீடு திரும்பிய பையன், இன்று கண்ணாடிக் கதவு வைத்த கடைக்கு முதலாளி. இடையில் யாரும் அவனுக்குக் கை கொடுத்ததில்லை; அவனும் கேட்டதில்லை. வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவனைப் 'பூட்டு' என்றார்கள். அவனுக்கு அது தெரியும். பூட்டு இருந்தால்தானே உள்ளே பொருள் இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

அவள் மறைந்த நீதிபதியின் மகள். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கடந்துபோனது; அவளிடம் அதைப் பற்றிய கசப்பு துளியும் இல்லை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது பால் சுடவைத்து எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தவள். அந்த ஞாபகத்தை அவன் வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தான், அவளுடைய வண்டிக்காரர் வாய் திறக்கும்வரை. அதே வாரம் தன் மனைவிக்கும் எஜமானியம்மா பால் கொண்டுவந்தார்கள் என்று அவர் பெருமையாகச் சொன்னார். வெயில் எல்லார் வீட்டுக் கூரைமேலும்தான் விழுகிறது. தனக்கென்று விழுந்தது என நினைப்பவன் முட்டாள். அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் அவன் இன்னும் சுருக்கமாகப் பேசினான்.

அவள் இடது கட்டையை எடுத்து, அதன் ஓரத்தில் அடுக்கடுக்காக ஒட்டியிருந்த மெல்லிய தோல் துண்டுகளைத் தடவினாள். இது என்ன என்று கேட்டாள். பாதம் வருஷத்துக்கு வருஷம் மாறும், கட்டையும் கூடவே மாற வேண்டும் என்றான்.

அவள் விரல் அந்தத் துண்டுகளின்மேலேயே நின்றது. உள்ளே அவனுடைய அக்கா தோல் தைக்கும் சத்தமும் நின்றது.

"சுண்டுவிரல்கிட்ட முன்னெல்லாம் உயிர் போகும். யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்புறம் தானாவே நின்னுபோச்சுன்னு நெனச்சேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானா?"

நடக்கும்போது அவள் பாதம் வெளிப்பக்கம் சாய்வதைக் கண்ணாடிக் கதவு வழியாக எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறான் என்பதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"வேலைதாங்க," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். கட்டையை மெதுவாக வைத்தாள். அக்காவிடம் விடைபெற்றாள். வாசலில் படுத்திருந்த நாயிடம்கூட ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். வண்டி நகர்ந்த சத்தத்துக்குப் பிறகுதான் அவன் மேசையைப் பார்த்தான். வலது கட்டை இல்லை. இடது கட்டை மட்டும் கிடந்தது.

அக்கா தோலை மடியில் வைத்தபடியே எட்டிப் பார்த்தாள். "என்னடா, ஒத்தக் கால விட்டுட்டுப் போயிருக்காங்க?"

மறந்திருப்பார்கள் என்றான் அவன். அதுவும் நடக்கக்கூடியதே. குடை, சால்வை, ஒருமுறை கையுறை என அவள் இந்தக் கடையில் மறந்துவிட்டுப் போகாத பொருள் கிடையாது. மறப்பதும் அவளுக்கு எல்லாரிடத்திலும் ஒன்றுதான்.

"மறந்தாங்களோ வச்சுட்டுப் போனாங்களோ, ஒத்தக் கட்டைய வச்சு அங்க ஜோடி தைக்க முடியாதில்ல?"

"முடியாது."

"மரத்த இழைச்சு இழைச்சு கால் மாதிரியே செதுக்குற. ஒன் வாயத் தொறக்க ஒரு உளி செய்யத் தெரியல பாரு."

வேலைக்காக இடுப்பில் கட்டிய துணியை அவிழ்க்காமலேயே அவன் கட்டையோடு தெருவில் இறங்கினான். கொடுத்துவிட்டு வரத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டான். பாதி தூரத்தில், கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. கொடுக்காமல் எதற்காக ஓடுகிறோம் என்றும் புரியவில்லை. மரக்கட்டையை மார்போடு அணைத்தபடி போகும் முதலாளியை எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

துறைமுகத்துக்குத் திரும்பும் முனையில் வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் கீழே இறங்கிக் கடிவாளத்தைத் தளர்த்தியிருந்தார். குதிரை கல்தொட்டியில் முகம் புதைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, நிதானமாக, தாகம் இருந்ததா இல்லையா என்றே தெரியாதபடி. வண்டியின் கதவு திறந்திருந்தது.