தாடியிலும் தடவணும்

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்? பவானேஸ்வரிக்கு வாரக்கணக்கில் அரிப்பு, அதுவும் அந்த இடத்தில். குருபோங் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட், நின்றுகொண்டே பெட்டி கட்டும் வேலை. சொறியவும் முடியாது, சொறியாமல் இருக்கவும் முடியாது. கழிப்பறைக்கு ஓடி ஓடி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் குளிக்கும்போது உற்றுப் பார்த்தாள். முடியடியில் ஒட்டியிருந்த புள்ளியை நகத்தால் எடுத்தால், அது காலை ஆட்டியது. ஐயோ, பேன்! எஸ்டேட்டில் வளர்ந்தவளுக்குப் பேன் என்றால் ஒரே வைத்தியம், மண்ணெண்ணெய். தடவினாள். தோல் வெந்ததுதான் பலன். பேன் இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால் ஊர் சிரிக்கும். தெங்கேராவில் தெரிந்த முகமே இல்லாத கிளினிக்காகப் பார்த்துப் போனாள். டாக்டர் மிஷேல் சின்ன வயசுக்காரி. பார்த்துவிட்டு முகம் சுளிக்கவில்லை.

"மண்ணெண்ணெய்லாம் போடாதீங்கக்கா, அங்க தோல் தாங்காதுலா. இது தலைப்பேன் இல்ல, வேற ரகம். சுத்தமில்லாததால வர்றதும் இல்ல. முதல்ல புண்ணு ஆறட்டும். அப்புறம் இந்த க்ரீமைத் தடவி, பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. முட்டை மிச்சம் இருக்கும், அதனால ஒரு வாரம் பொறுத்து இன்னொரு தடவ. துணி, பெட்ஷீட் எல்லாம் சுடுதண்ணில அலசுங்க."

"எப்படி டாக்டர் வந்துச்சு?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "பெரும்பாலும் உடம்போட உடம்பு சேர்றதாலதான். வீட்டுக்காரரும் அதே நாள்ல போடணும், இல்லாட்டி திரும்ப வந்துடும். அவருக்குத் தாடி இருந்தா அதுலகூட இருக்கலாம். ரெண்டு பேரும் ரத்த டெஸ்ட் எடுத்துடுங்கக்கா."

பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. அவளுக்குப் புருஷன் மருதமுத்துவைத் தவிர வேறு ஆள் கிடையாது. லாரி ஓட்டுகிறவன், வடக்கே எல்லை வரைக்கும் போய் வருவான். ஆனால் இப்போது அவன் 'சாமி'. மாசி மகத்துக்குச் சன்னாசிமலையில் காவடி எடுக்க மாலை போட்டிருக்கிறான். மஞ்சள் வேட்டி, மழிக்காத தாடி, தரையில் படுக்கை. பெண்டாட்டி பக்கமே வரக் கூடாது. விரதத்தில் இருக்கிறவன் எங்கேயிருந்து கொண்டுவருவான், நைட் ஷிஃப்ட் போகிறவள்தான் கொண்டுவந்திருப்பாள் என்று ஊரே ஒரே வாயாகச் சொல்லும். அரிப்பைவிட அந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

புண் ஆறியதும் ஒரு சாயங்காலம் க்ரீமை அவன் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"வாய் கூசல? நான் மாலை போட்டவன்," என்று சீறினான். "உன் பக்கமே வரல. நைட் ஷிஃப்ட் போறது நானா, நீயா?"

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"தாடிய ஏங்க சொறியிறீங்க?"

அவன் கை அப்படியே நின்றது. "வேர்வை."

"கண்ணாடிகிட்ட போய் நல்லாப் பாருங்க."

குளியலறைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"மாலை போடறதுக்கு முந்தி... பார்டர்ல, ஒரே ஒரு தடவ. போட்டப்புறம் சத்தியமா இல்ல பவா."

அவள் க்ரீமை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தாடிய எடுக்க முடியாது. நேர்த்தி கெட்டுரும்."

"எடுக்க வேணாம். தாடியிலயும் தடவணும், அவ்வளவுதான்."

தண்ணீர் காய்ச்சி அவன் வேட்டியையும் தன் பெட்ஷீட்டையும் ஊறவைத்தாள். வேட்டிச் சாயம் இறங்கி எல்லாமே மஞ்சளாகிப் போனது.

காவடி எடுக்கும் காலையில் வாசல் நிறைய ஆட்கள். வழக்கப்படி அவன் காலை மஞ்சள் தண்ணீரால் கழுவி, பொட்டு வைத்தாள்.

பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "கொடுத்து வச்சவடி நீ. எவ்வளவு சுத்தமா விரதம் இருந்தாரு! விழுந்து கும்பிடு."

பவானேஸ்வரி சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"குனிய முடியலக்கா," என்றாள். "நைட் ஷிஃப்ட் போறவ இல்லையா, இடுப்பு வலிக்குது."

மருதமுத்து தலையைத் தூக்கவேயில்லை. பக்தியில் நிற்கிறான் என்று எல்லோரும் கைகூப்பினார்கள்.