அவள் சொல்லும் பாதி

அது நடந்தது ஜெபமாலையின் மூன்றாம் பத்து மணிகளிலா, நான்காம் பத்திலா என்பது இன்றுவரை தெளிவில்லை. மகள் நான்கு என்கிறாள், கடைசல் பட்டறையில் வேலை செய்யும் அவள் அப்பா லேத்காரர் மூன்று என்கிறார். மகள் அடுத்த அறையிலிருந்து கேட்டவள், பிசகு இருக்கலாம். வெள்ளிக்கிழமை, துயர மறைபொருள்களைச் சொல்லும் நாள் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

முப்பத்தாறு வருடமாகக் கணவனும் மனைவியும் ஜெபமாலையைப் பங்கு போட்டுத்தான் சொன்னார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கும் முற்பாதி அவருக்கு. "புனித மரியே" என்று தொடங்கி, மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று முடிகிற பிற்பாதி அவளுக்கு. பட்டறை இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவள் உதட்டைப் பார்த்துத்தான் ஜெபமாலையின் அடுத்த மணிக்கு நகர்வார். அதுவும் தலைதெறிக்க.

"மாதா என்ன ஓடியா போயிடப் போறாங்க? மெதுவாத்தான் சொல்லுங்களேன்."

"நீ இழுக்கிற இழுவைல மாதா தூங்கிடுவாங்க."

தொண்டைப் புற்றுநோய்க்காக அவளுடைய குரல்வளையை எடுத்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. உதடு அசைந்தது, அவருக்கு அது போதும். அவளுக்குத்தான் போதவில்லை. நோய் திரும்பி வந்து, இனி வைத்தியமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட வாரம் நோட்டில் எழுதிக் காட்டினாள்:

"என் பாதியையும் நீங்களே சொல்லுங்க. ஒரு தடவை நான் கேக்கணும்."

"எதுக்கு?"

"நான் போனப்புறம் பாதியிலேயே நிப்பீங்க."

அவர் நோட்டை மூடி வைத்தார். மகளும் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா ஆசைப்படுறாங்கப்பா. உங்களுக்குத் தெரியாத ஜெபமா?"

"தெரியும். ஆனா அது உங்கம்மா பங்கு. அத நான் சொன்னா அவள நானே அனுப்பி வைக்கிற மாதிரி."

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் கட்டிலை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவர் முற்பாதியை முடிக்கும்போதெல்லாம், சொல்லுங்க என்று அவள் அவருடைய மணிக்கட்டை அழுத்தினாள். அவர் தலையசைத்து மறுத்தார். பிறகு அவளே விட்டுக்கொடுத்து உதட்டை அசைத்தாள். இப்படியே மணிகள் நகர்ந்தன.

ஒரு மணியில் அந்த அழுத்தம் வரவில்லை. பிடிவாதத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்தார். மனம் இளகியது. உதட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். என்றைக்கும் இல்லாத பொறுமை அன்றைக்கு அவருக்கு வந்திருந்தது. சன்னல் வெயில் போர்வையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது.

மகள் தண்ணீரோடு உள்ளே வந்தாள்.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க?"

"அம்மா இன்னும் சொல்லி முடிக்கல."

மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தாய் மூச்சுவிடும் கழுத்துத் துளையருகே கையைக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமை அடக்கம் நடந்தது. கல்லறையில் கூடியிருந்தவர்கள் பிற்பாதியை உரக்கச் சொன்னார்கள். அவர் வாய் திறக்கவில்லை. மகள் ஒரு மாதம் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள், ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். லேத்காரர் இப்போதும் பட்டறைக்குப் போகிறார். ஜெபமாலை சொல்வதில்லை.